எங்ககிட்ட யாரும் சொல்லலையே

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து, வீட்டிலிருந்து ஆள் வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, ஆசிரியர் அறையில் கட்டாயம் ஒரு பேச்சு எழும். "வீட்ல மறைச்சுட்டாங்க சார். அட்மிஷன் போடும்போதே சொல்லியிருக்கணும்ல? நமக்கு எப்படித் தெரியும்?" எல்லோரும் தலையாட்டுவோம். டீ வரும். அடுத்த மணி அடிக்கும். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்தவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார், பேசியும் இருப்பார். குற்றம் பெற்றோருடையது என்று தீர்ப்பாகிவிடும். விசாரித்தவர்களும் நாமே, சாட்சிகளும் நாமே.

ஏன் மறைத்தார்கள் என்று மட்டும் நாம் கேட்டதில்லை. கேட்டால் பதில் நம் பக்கம் திரும்பும். சொன்னவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்பது தெருவுக்கே தெரியும். பிள்ளையைக் கடைசி பெஞ்சின் ஓரத்துக்கு மாற்றினோம். விளையாட்டு மணியில் மரத்தடியில் உட்காரவைத்து மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். சுற்றுலாப் பட்டியலில் பெயரை அடித்தோம். "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க" என்று அனுப்பினோம். டி.சி. வரை போன பள்ளிகளும் உண்டு. அதையும் "பையனோட நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்" என்ற தேன் தடவிய குரலில்தான் சொன்னோம். ஒரு வீட்டுக்கு இது நடந்தால் போதும், அந்தத் தெருவில் மாத்திரை விழுங்கும் பிள்ளைகள் இருக்கும் மற்ற வீடுகள் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். ஆக, மறைக்கச் சொல்லிக் கொடுத்ததே பள்ளிக்கூடம்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், எல்லா வயதினரையும் சேர்த்து ஆயிரம் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருப்பது தெரிந்தது. கேரளத்தின் நடுப்பகுதியில் எடுத்தபோது ஆயிரத்துக்கு 4.9. அப்படியென்றால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் நான்கைந்து பேராவது இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதுதான் முறை. "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி கேஸ் எதுவும் இல்ல" என்று எச்.எம். பெருமையாகச் சொன்னால், நான்கைந்து குடும்பங்கள் அந்தப் பள்ளியை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, தெரியாமல் வந்துவிட்டது. வந்த நேரத்தில் என்ன செய்தோம்? எட்டாம் வகுப்பு, மதியம் முதல் மணி என்று வைத்துக்கொள்வோம். பையன் ஒரு மாதிரிக் கத்துகிறான், உடம்பு விறைக்கிறது, பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே சரிகிறான். கண் மேலே செருகுகிறது. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயோரம் நுரை. வாத்தியாருக்கு முதலில் வருவது பயம். அடுத்து வருவது சாவிக்கொத்து. அது கிடைக்காவிட்டால் ஜியாமெட்ரி பாக்ஸ், பூட்டு, பக்கத்து வகுப்பு டெஸ்க்கின் உடைந்த கம்பி, எதுவானாலும் இரும்பு. இரண்டு பேர் காலை அழுத்த, ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க ஸ்பூனையோ ஸ்கேலையோ பல்லிடுக்கில் நெம்ப, யாரோ முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அடிக்கிறார். பையனைச் சுற்றி நாற்பது பேர். காற்று வர வழியில்லை.

இதில் இரும்பின் கதை தனி. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, விறைத்த விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பதற்கும் அவ்வளவு நேரம்தான் பிடிக்கிறது. சாவி உள்ளே போகிறது, வலிப்பு நிற்கிறது, பேர் சாவிக்குப் போகிறது. காரணம் எது, தற்செயல் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அறிவியல் பாடத்தின் அரிச்சுவடி. 'நியூரான் படம் வரைந்து பாகம் குறி' என்று பத்தாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிற நாம்தான், அந்த நியூரான்களில் மின்சாரம் ஒரு நிமிடம் தாறுமாறாகப் பாய்ந்தால் ஓடிப்போய்ப் பூட்டைத் தேடுகிறோம். இரும்பாவது பெரிய கெடுதல் செய்வதில்லை. பல்லிடுக்கில் நெம்பும் ஸ்பூன் பல்லை உடைக்கும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும். இழுக்கும் கையை அழுத்திப் பிடித்தால் தோள்மூட்டு நழுவும், எலும்பும் முறியலாம். வலிப்பில் யாரும் நாக்கை விழுங்கிவிடுவதில்லை. நாக்கோரம் கடிபட்டால் சில நாளில் ஆறும்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. கஷ்டமே அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் நாலு பேர் பார்க்க நிற்கும்போது சும்மா இருப்பது ஆசிரியருக்கு வராது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெஞ்சை நகர்த்தி இடம் விட வேண்டும். தலைக்கடியில் மடித்த துண்டோ பையோ வைத்து, கண்ணாடியைக் கழற்றி, காலர் பட்டனையும் டையையும் தளர்த்த வேண்டும். இழுப்பு தணிந்ததும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. முழு நினைவு வரும்வரை தண்ணீரும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால், ஒன்று நின்று நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், அடிபட்டிருந்தால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், அல்லது அந்தப் பிள்ளைக்கு இதுதான் முதல் தடவை என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடக்கூடிய விஷயம் இது. அந்த அட்டை நம் பள்ளிச் சுவர்களில் இல்லை. பொன்மொழிகளுக்கு மட்டும் இடம் இருக்கிறது.

வலிப்பு நின்றபின் நடப்பதில்தான் நம் அலட்சியம் இன்னும் மோசம். எழுந்த பிள்ளைக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் கண்ணைச் சொக்கும். பல நேரம் உடை நனைந்திருக்கும். அந்த நனைந்த டவுசரோடு, நனைந்த பாவாடையோடு வராந்தா முழுக்க நடக்கவைத்து ஆபீஸ் ரூம் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறோம். வகுப்பில் நடந்ததை அவன் பார்க்கவில்லை. மற்ற நாற்பது பேர் பார்த்தார்கள். அவர்களிடம் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் அவர்களே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: எச்சில் பட்டால் ஒட்டும், அவன் டிஃபன் பாக்ஸைத் தொடாதே, காத்துக் கருப்பு அடித்திருக்கிறது. மறுநாள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் தயாராக இருக்கும். "மூளைக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் அதிகமாப் பாய்ஞ்சிடுச்சு, அவ்வளவுதான். தொத்தாது. அடுத்த தடவை வந்தா நீங்க என்ன செய்யணும் தெரியுமா?" என்று கரும்பலகை முன் நின்று பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பட்டப்பெயர் பிறக்க அவ்வளவு சுலபமாக வழி இருந்திருக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

கீழே விழுந்து இழுக்கும் வலிப்பாவது கண்ணில் படுகிறது. படாதவற்றை நாம் தண்டித்திருக்கிறோம். மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடக்கிறது. பத்து வார்த்தை சொல்கிறோம். ஒரு பெண் நோட்டில் எட்டுதான் இருக்கிறது. நான்காவதும் ஏழாவதும் இல்லை. மூன்றாவது சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பென்சில் கோடு ஒன்று தொங்கிக்கொண்டு கீழே போகிறது. "எங்கடி வேடிக்கை பார்த்துட்டிருந்த?" அவள் வேடிக்கை பார்க்கவில்லை. பத்து விநாடி அவள் அங்கே இல்லை. கண் திறந்திருக்கும், இமை லேசாகத் துடிக்கும், கூப்பிட்டால் கேட்காது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுத்தைத் தொடர்வாள். நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும் இந்த வகை ஒரு நாளில் பலப்பல தடவை வரலாம். மருத்துவர் பிள்ளையின் கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார். பல நேரம் அவர் கண்முன்னேயே அந்த வெறித்த பார்வை வந்துவிடும். ஏற்ற மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது. ஆனால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று முதலில் யாருக்காவது தோன்ற வேண்டுமே. நாள் முழுக்க முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். நாம் நோட்டில் சிவப்பு மையால் 'கவனம் தேவை' என்று எழுதி, கீழே அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னோம்.

இன்னொரு வகையில் பிள்ளை பட்டனைத் திருகிக்கொண்டே இருப்பான், வாயைச் சப்புக்கொட்டுவான், பாடம் நடக்கும்போது எழுந்து இரண்டடி நடப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. திமிர் என்றோம். வெளியே நிற்கவைத்தோம். சிலர் கை நீட்டினோம். நினைவு கலங்கிய நிலையில் இருப்பவனைப் பிடித்து இழுத்தால் அவன் திமிறுவான். அதுவும் திமிரின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தால் நம் பாவம் இன்னும் கனக்கிறது. பதின்பருவத்தில் தலைகாட்டும் ஒரு வலிப்பு நோய் உண்டு. காலையில் எழுந்ததும் தோள் ஒரு வெட்டு வெட்டும், கையிலிருந்து பிரஷ் தெறிக்கும், காபி டம்ளர் நழுவும். "கையில பிடிப்பே இல்ல, எல்லாத்தையும் போட்டு உடைக்குது" என்று வீட்டில் திட்டுவார்கள். அந்த வெட்டுகளைப் பெரிய வலிப்பாகக் கிளப்பிவிடுவதில் தூக்கக்கேட்டுக்குப் பெரிய பங்கு. நாம் என்ன செய்தோம்? காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னோம். இரவு பதினொன்றுக்குப் படிக்கிறானா என்று வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டோம். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் ஸ்லிப் டெஸ்ட். சென்டம் வந்தால் பேனரில் பெயர் போட்டோம். பொதுத்தேர்வு நெருக்கத்தில் ஒரு பெண் காலை வகுப்பில் விழுந்தால், 'படிப்பு டென்ஷன்' என்று ஒரே சொல்லில் முடித்தோம். அவளுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் மாத்திரைக்கு நிகரான மருந்து என்று சொல்லத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

மாத்திரைகளைப் பற்றியும் நமக்கு எதுவும் தெரியாது. நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மலிவான ஃபீனோபார்பிட்டோன் சில பிள்ளைகளைச் சுருண்டு தூங்கவைக்கும், சிலரை ஓரிடத்தில் நிற்கவிடாமல் துறுதுறுவென்று ஆக்கும். ஃபெனிட்டோயினில் பல் ஈறு தடிக்கும். இப்போது அதிகம் எழுதப்படும் லெவெட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். வகுப்பில் தூங்கியதற்கும் பக்கத்துப் பையனோடு சண்டை போட்டதற்கும் நாம் கொடுத்த தண்டனையில் ஒரு பங்கு மருந்துக்குப் போய்ச் சேர வேண்டியது. இன்னொன்று, பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போகும் நாளில் அம்மாவுக்குக் கூலி போகும். களையெடுப்பு நேரத்தில் அது இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். டப்பா காலியாகி இரண்டு நாள் ஆனால் வலிப்பு திரும்பலாம். மருந்தைத் திடீரென்று நிறுத்துவதைப்போல ஆபத்து வேறில்லை. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் நாம், அதன் வாசலைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறோம்.

பெண் பிள்ளை என்றால் ரகசியம் இரட்டைப் பூட்டு. "டீச்சர், யாருக்கும் தெரியவேணாம், நாளைக்கு ஒரு இடத்துல கொடுக்கணும்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா சொல்வார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டமே வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக நெடுநாள் வைத்திருந்தது. அந்தச் சொல்லை எடுத்தது 1999-ல் வந்த திருத்தம். சட்டத்திலிருந்து போய்விட்டது, பெண் பார்க்க வருகிறவர்களிடமிருந்து போகவில்லை. அந்த அம்மாவின் ரகசியத்தை நாம் காப்பாற்றினோமா? அன்று மத்தியானமே சாப்பாட்டு மேசையில் "அந்த செவன்த் பி பொண்ணு இல்ல..." என்று தொடங்கிவிட்டோம். சாம்பார் ஊற்றிக்கொண்டே.

டி.சி. விஷயத்திலும் சட்டம் நமக்குத் தெரியாதது இல்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. நாம் வெளியேற்றவில்லை. அவர்களே வாங்கிக்கொண்டு போகும்படி பார்த்துக்கொண்டோம். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பம்' என்று இருக்கும். விளையாட்டு மணியில் மரத்தடியில் உட்காரவைக்கவும் எந்த மருத்துவரும் சொல்லவில்லை. உயரம் ஏறுவதும், ஆள் காவல் இல்லாமல் நீந்துவதும் கூடாது. மற்றபடி பெரும்பாலான பிள்ளைகள் ஓடலாம், ஆடலாம். 1992 உலகக் கோப்பையில் இன்சமாமை அந்தரத்தில் பறந்து ரன் அவுட் ஆக்கிய ஜான்டி ரோட்ஸுக்கு வலிப்பு நோய் உண்டு என்பதை பி.டி. சார்களில் பாதிப் பேர் அறியார்.

நம் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டியதே நாளை விழுங்குகிறது. பி.எட்.டில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தும், வலிப்பு வந்த பிள்ளையை எப்படிப் படுக்கவைப்பது என்று யாரும் செய்து காட்டவில்லை. பணியில் சேர்ந்த பின் பயிற்சிக்குக் குறைவில்லை; வட்டார வள மையத்தில் தட்டி மாட்டி, தேசிய கீதத்தோடு முடிகிற பயிற்சிகள். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கி 11 தலைப்புகளில் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். சத்துணவு உண்டு, போதைப்பொருள் உண்டு, இணையப் பாதுகாப்பு உண்டு. வலிப்புக்கென்று ஒரு தலைப்பு இல்லை.

ஆனாலும் இதை வைத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது. 2013 முதல் ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வேனில் வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவின் கையிலுள்ள 30 குறைபாடுகளின் பட்டியலில் வலிப்பு நோய் அச்சிடப்பட்டே இருக்கிறது. அவர்கள் வந்த நாளில் நாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம், எடை பார்த்தோம், பல்லைக் காட்டச் சொன்னோம், பேர் ஏற்றினோம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். "டாக்டர், இந்தப் பொண்ணு அடிக்கடி வெறிச்சுப் பாக்குறா" என்று ஒரு வரி சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இடமாறுதலுக்கும் நம் சங்கங்கள் மறியல் செய்திருக்கின்றன, செய்ய வேண்டியதும்தான். கோரிக்கைப் பட்டியலின் கடைசி எண்ணாகவாவது 'முதலுதவிப் பயிற்சி' என்று சேர்க்க நாம் யாரும் கை தூக்கியதாக நினைவில்லை. கேட்டு மறுத்திருந்தால் அரசைத் திட்டலாம்.

வேலூர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அதில் இன்னொன்றும் தெரிந்தது: வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம், மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி. இதைச் சொன்னதும் நம்மில் சிலர் முகம் சுளித்து, "பன்னிக்கறி திங்கிறவங்களுக்கு வர்றது" என்பார்கள். அந்தச் சுளிப்பில் சாதி இருக்கிறது, அறிவியல் இல்லை. சரியாக வேகாத பன்றிக்கறியால் வயிற்றில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை; அது புழு உள்ளவரின் மலத்திலிருந்து கழுவாத கை, கழுவாத காய், அசுத்தமான தண்ணீர் வழியாக யார் வாய்க்குள்ளும் போகும். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும். ஆக, பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வராததும், சத்துணவுக்கு முன் கை கழுவச் சோப்பு வைக்காததும் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள் இல்லை. பூட்டிய கழிவறையின் சாவி எச்.எம். மேசையில் இருக்கும். ஆய்வு அதிகாரி வரும்போது திறப்போம்.

மற்ற நாடுகள் வானத்தைக் கிழித்துவிடவில்லை. இங்கிலாந்தில் 2014-ல் வந்த சட்டம், நோயுள்ள பிள்ளைகளுக்குத் துணை ஏற்பாடு செய்வதைப் பள்ளியின் கடமை ஆக்கியது. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலம் 2018-ல் வலிப்புக்கென்றே பள்ளிச் சட்டம் போட்டது. வேறு மாநிலங்களும் பின்னால் வந்தன. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய காரியமா என்பதுதான் கேள்வி.

ஒரு மதியம் போதும். அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவரோ, நல்ல அனுபவமுள்ள ஒரு செவிலியரோ வந்தால் போதும். பவர்பாயிண்ட் வேண்டாம், மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டு நம்மில் ஒருவர் தரையில் படுக்கட்டும், மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தை வைத்துப் பேசாமல் உட்கார்ந்து பார்க்கட்டும். பயந்தவனுக்கு ஒரு நிமிடம் பத்தாகத் தெரியும். ஆசிரியர்கள் மட்டும் என்றால் பயிற்சி பாதிதான். சத்துணவு அக்கா, ஆயாம்மா, வேன் டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும் உட்கார வேண்டும். பிள்ளை எங்கே விழும் என்று டைம்டேபிளில் போட்டிருக்காது. பாதி நேரத்தை முதலுதவிக்கு வைத்தால், மீதி நேரம் ஓர் அம்மா வந்து "சார், ஒரு விஷயம்" என்று தயங்கும்போது என்ன கேட்பது என்பதற்குப் போக வேண்டும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு? வருவதற்கு முன் அடையாளம் ஏதாவது தெரியுமா? எவ்வளவு நேரம் இருக்கும்? யாருக்கு போன் செய்ய வேண்டும்? வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, வேண்டாமா? கடைசிக் கேள்விக்கு அவர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

மருத்துவருக்கும் நாம் தேவைப்படுகிறோம், இது பலருக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அந்த நேரத்தில் வலிப்பு வராது. ஈ.ஈ.ஜி. பல நேரம் சுத்தமாக இருக்கும். 'எப்படி வந்துச்சு?' என்று கேட்டால், வேலைக்குப் போயிருந்த அம்மாவுக்கு அது தெரியாது. பார்த்தவர் நாம். தேதி, நேரம், எத்தனை நிமிடம், முதலில் எந்தக் கை இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கூப்பிட்டால் பதில் வந்ததா, பிறகு எவ்வளவு நேரம் தூங்கினான், காலையில் சாப்பிட்டிருந்தானா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், எந்த வகை வலிப்பு, எந்த மருந்து என்று தீர்மானிக்க அது அவருக்குப் பெரிய உதவி. வீட்டார் சம்மதித்தால் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ அதைவிட உதவும். சம்மதித்தால் மட்டும், மருத்துவர் கண்ணுக்கு மட்டும். ஸ்டாஃப் குரூப்பில் போடுவதற்கு அல்ல. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் துண்டுத்தாள் அந்த ஏழில் ஒருவரைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

ஓர் இடத்தில் நமக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. நீண்டு போகும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே நம் மருந்துக் கடைகளிலும் மருந்துச் சீட்டுக்குக் கிடைக்கிறது. பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், வீட்டில் பெற்றோரே அடிக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர் அடிக்கலாமா? "ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்று பாதிப் பேர் பின்வாங்குவோம். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு அடிபட்டாலே ஆசிரியரை சஸ்பெண்ட் செய்துவிட்டுப் பிறகு விசாரிக்கும் துறை இது. மருத்துவரின் எழுத்து, பெற்றோரின் கையெழுத்து, துறையின் ஆணை மூன்றும் இல்லாமல் ஆசிரியர் கையில் அந்த ஸ்ப்ரேயைக் கொடுப்பது நியாயமில்லை. ஆனால் அந்த ஆணையைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான்.

நகரத்தில் 108 சீக்கிரம் வந்துவிடும் என்று ஐந்து நிமிடக் கணக்கை வைத்துச் சமாளிக்கலாம். ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செல்போன் சிக்னலுக்கே பாறை மேல் ஏற வேண்டிய ஊரில், வண்டி வருமுன் அரைமணி நேரம் போய்விடும். இந்தப் பயிற்சிக்கும் அந்த ஸ்ப்ரேக்கும் முதல் உரிமை அங்கே இருக்கும் ஆசிரியருக்குத்தான். அவர் பல நாள் அந்தப் பள்ளியில் தனியாள். உடன் வேலை பார்ப்பவர் மாற்றுப்பணிக்குப் போயிருப்பார். அவரைக் கீழே பயிற்சிக்கு வரச் சொன்னால் அன்றைக்குப் பள்ளியைப் பூட்ட வேண்டும். பயிற்சியாளர்தான் மலையேற வேண்டியிருக்கும், அதற்கு வட்டார வள மையத்தில் வண்டிச் செலவுக்கு இன்னும் தலைப்பு ஒதுக்கவில்லை.